ஹை கிரேடு பி செல் லிம்போமானு தெரிஞ்ச பிறகும் ஏன் இன்னொரு பயாப்சி கேக்குறாங்க?

முதல்ல நீங்க கேட்டதை நான் புரிஞ்சிக்கிட்ட மாதிரி சொல்லிடறேன். அக்காவுக்கு 34 வயசு, கழுத்துல நெறிக்கட்டி ஒரு மாசத்துக்குள்ள வேகமா பெருசாயிடுச்சு, ஊசியில உறிஞ்சி எடுத்த எஃப்என்ஏசி டெஸ்ட்ல ரியாக்டிவ், பயப்பட ஒண்ணும் இல்லனு வந்துச்சு, அப்புறம் தடிமனான ஊசியில சின்னத் துண்டா சதை எடுக்கிற கோர் பயாப்சி பண்ணப்போ ஹை கிரேடு பி செல் லிம்போமா, அதாவது பி செல்ங்கிற வெள்ளை அணுவுல வர்ற வேகமான கேன்சர், வகை சொல்ல சதை போதல, ஜீன் உடைஞ்சிருக்கானு பாக்குற ஃபிஷ் டெஸ்ட் தேவைனு எழுதிட்டாங்க, இப்போ டாக்டர் கட்டியை முழுசா எடுத்து திரும்ப அனுப்பணும்ங்கிறார். கேன்சர்னு தெரிஞ்சாச்சு, வேகமா வளருற ரகம்னும் அவங்களே சொல்றாங்க, அப்புறம் எதுக்கு மறுபடி வெட்டி நாளை கடத்தணும்னு கேட்டிருக்கீங்க. நியாயமான கேள்விதான்.

நான் பேத்தாலஜியில, லிம்போமா ஸ்லைடு பாத்து ரிப்போர்ட் எழுதுற வேலையில இருக்கேன். உங்க அக்காவோட ஸ்லைடை நான் பாக்கல, அதனால அவங்களுக்கு என்னனு நான் சொல்ல முடியாது, ஆனா அந்த ஒரு வரி ரிப்போர்ட்டுக்குப் பின்னால என்னென்ன சாத்தியம் இருக்குனு சொல்ல முடியும். நேரா பதில்னா, டாக்டர் கேக்குறது சரி, ஆனா அந்த ஆபரேஷன் இந்த வாரத்துக்குள்ள முடியணும். சதையில கஞ்சத்தனம் பண்ணக்கூடாது, நாள்ல தாராளம் காட்டக்கூடாது. இந்த ரெண்டையும் சேர்த்து செய்யற ஆஸ்பத்திரிதான் நல்ல ஆஸ்பத்திரி.

ஏன்னா ஹை கிரேடு பி செல் லிம்போமாங்கிறது அப்படி எழுதி நிறுத்தும்போது ஒரு முழு பேர் இல்ல, பாதி வழியில நின்ன பேர். வேகமா வளருற பி செல் லிம்போமாவுல அதிகமா வர்றது டிஎல்பிசிஎல்னு சுருக்கமா சொல்ற டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்போமா, நான்-ஹாட்ஜ்கின் லிம்போமா மொத்தத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு இதுதான். அதுக்குப் பக்கத்துலயே அபூர்வமான பல வகை நிக்குது. பர்கிட் இருக்கு, ரெண்டு ஜீன் உடைஞ்ச டபுள் ஹிட் இருக்கு, பிளாஸ்மாபிளாஸ்டிக் இருக்கு, மேன்டில் செல் லிம்போமாவோட பிளாஸ்டாய்டு வடிவம் இருக்கு, பி லிம்போபிளாஸ்டிக் இருக்கு. சாதாரண ஹெச் அண்ட் ஈ ஸ்டெயின்ல, அதாவது வழக்கமா போடற சாயத்துல, மைக்ராஸ்கோப்ல பாத்தா இதுல பலதும் நீலநீலமா, நெருக்கமா, பிரிஞ்சிக்கிட்டே இருக்கிற செல்கள்தான், 20 வருஷ அனுபவம் உள்ளவங்களே அதை மட்டும் பாத்து இதுதான்னு அடிச்சு சொல்ல மாட்டாங்க. ஆனா ட்ரீட்மென்ட் ஒண்ணுக்கொண்ணு ரொம்ப தூரம். டிஎல்பிசிஎல்னா ஆர்-சாப் மாதிரி கீமோ 3 வாரத்துக்கு ஒருக்க. பர்கிட்டுக்கு அது போதாது, இன்னும் கடுமையான மருந்துகள், மூளைக்கும் முதுகுத்தண்டு நீருக்கும் பாதுகாப்பு சேர்த்து கொடுக்கணும், அப்படி சரியா கொடுத்தா குணமாகிற வாய்ப்பும் நல்லாவே இருக்கு. டபுள் ஹிட்டுக்கு பல இடத்துல எபாக்-ஆர்னு வேற திட்டத்துக்குப் போவாங்க. லிம்போபிளாஸ்டிக்னா அது கிட்டத்தட்ட அக்யூட் லுக்கேமியா, ட்ரீட்மென்ட் ரெண்டு வருஷத்துக்கு மேல கூட ஓடும். தப்பான பேரை வச்சு முதல் கீமோவை ஆரம்பிச்சா அந்த முதல் வாய்ப்பை திரும்ப வாங்க முடியாது, எங்களுக்கு இருக்கிற பயம் இதுதான்.

எஃப்என்ஏசி ஏன் தப்பா சொல்லுச்சுனு கோவமா எழுதியிருந்தீங்க. அது பொய் சொல்லல, அதோட எல்லை அவ்வளவுதான். மெல்லிய ஊசியில வர்றது தனித்தனி செல்கள், நெறிக்கட்டிக்குள்ள அந்த செல்கள் எப்படி அடுக்கி இருந்துச்சு, ஃபாலிகிள்ங்கிற உருண்டை உருண்டையான அமைப்பு இருந்துச்சா, எல்லாத்தையும் அழிச்சிட்டு பரவி இருந்துச்சாங்கிற விஷயம் அதுல வராது. கட்டியோட நடுவுல செத்துப்போன பகுதியில ஊசி போயிருந்தாலும் ஒண்ணும் கிடைக்காது. டி செல்-ஹிஸ்டியோசைட் ரிச்னு ஒரு அபூர்வ வகை இருக்கு, அதுல நிஜமான கேன்சர் செல் மொத்தத்துல 10 சதவீதத்துக்கும் குறைவு, மீதி எல்லாம் சுத்தி கூட்டம் போட்டு நிக்கிற நல்ல எதிர்ப்பு செல்களான டி செல்லும் ஹிஸ்டியோசைட்டும், ஊசியில அந்த கூட்டம்தான் வரும், ரியாக்டிவ்னுதான் யாரும் எழுதுவாங்க. அதனால எஃப்என்ஏசி நார்மல்னு வந்தாலும், கட்டி வளந்துக்கிட்டே இருந்தா, செல் உடையும்போது ரத்தத்துல கூடற எல்டிஹெச் ஏறிக்கிட்டே இருந்தா, காய்ச்சல் ராத்திரி வேர்வை எடை குறையறதுனு இருந்தா, அந்த ரிப்போர்ட்டை நம்பி உக்காந்துடக்கூடாது. முகம் தெரியாத எத்தனையோ பேரு இந்த இடத்துலதான் மாசக்கணக்கை இழக்குறாங்க, எனக்கு மனசு ரொம்ப வலிக்கிற விஷயம் இது. டிபியா இருக்கும்னு ஆதாரம் இல்லாம மாத்திரை ஆரம்பிச்சு, குறையலனு தெரிஞ்ச பிறகு சதை எடுத்து வர்ற கேஸ்களும் இதே கதைதான்.

கோர் பயாப்சி எஃப்என்ஏசியை விட எவ்வளவோ மேல், நெஞ்சுக்குள்ளயோ வயித்துக்குள்ளயோ ஆழத்துல இருக்கிற கட்டிக்கு பெரும்பாலும் அதான் வழி. ஆனா அந்த நூல் மாதிரி துண்டுல இருந்து 15, 20 ஸ்டெயின், ஃபிஷ், சில நேரம் ஜீன் டெஸ்ட் வரைக்கும் வெட்டணும், ஒவ்வொரு ஸ்டெயினுக்கும் ஒரு மெல்லிய சீவல் போகுது, கடைசியில மெழுகுல பதிச்ச பிளாக்குல சதையே மிஞ்சாது. கழுத்துல கைக்கு எட்டுற மாதிரி கட்டி இருக்கும்போது அதை முழுசா எடுக்கிறது சின்ன ஆபரேஷன்தான், கிடைக்கிற தகவல் பல மடங்கு. எந்தக் கட்டியை எடுக்கணும்ங்கிறதும் முக்கியம், சுலபமா எடுக்கலாம்னு தொடை இடுக்குல இருக்கிறதை எடுக்கக்கூடாது, அங்க சாதாரணமாவே வருஷக்கணக்கா வீங்கின நெறி இருக்கும். பெட் ஸ்கேன் எடுத்திருந்தா அதுல அதிகமா ஒளிர்ற கட்டியைத்தான் குறி வைக்கணும். ரொம்ப நாளா சிஎல்எல்ங்கிற ரத்த கேன்சர் மாதிரி மெதுவா போற நோய் இருந்தவங்களுக்கு திடீர்னு ஒரு இடம் மட்டும் வேகமா வளந்தா, அதை ரிக்டர் மாற்றம்னு சொல்வோம், அங்க இந்த விதி இன்னும் முக்கியம், தப்பான கட்டியை எடுத்தா பழைய நோயே திரும்பவும் ரிப்போர்ட்டுல வரும்.

எடுத்த சதையை என்ன பண்றாங்கனு நீங்களே முன்கூட்டி கேளுங்க, கேக்குறது தப்பே இல்ல. முழுசையும் ஃபார்மலின்ல போட்டுட்டா செல்களை ஒவ்வொண்ணா மெஷின்ல ஓடவிட்டு பாக்குற ஃப்ளோ சைட்டோமெட்ரி பண்ண முடியாது, அதுக்கு உயிரோட இருக்கிற செல் வேணும், அதனால ஒரு சின்ன பகுதியை ஃபார்மலின் படாம ஈரமா உடனே லேபுக்கு அனுப்பணும். மீதியை நல்லா பாதியா வெட்டி தாராளமான ஃபார்மலின்ல போடணும், பெரிய கட்டியை அப்படியே குட்டி டப்பாவுல அமுக்கிப் போட்டா நடுப்பகுதிக்கு ஃபார்மலின் போய்ச் சேராம கெட்டுப் போயிடும், அப்புறம் எந்த ஸ்டெயினும் ஒழுங்கா பிடிக்காது. எலும்பு மஜ்ஜை பயாப்சினா எலும்பை மென்மையாக்க ஆசிட் போடுவாங்க, அது டிஎன்ஏவை உடைச்சிடும், அதுல ஃபிஷ் பண்ணா சரியா வராது, ஆசிட்டுக்குப் பதிலா இடிடிஏங்கிற மென்மையான கரைசல்ல பண்ணா டிஎன்ஏ தப்பிக்கும். ஃப்ளோ ரிசல்ட் ஒரே நாள்ல வந்துடும், அது பெரிய வசதி, ஆனா நெகட்டிவ்னு வந்தா லிம்போமா இல்லனு எடுத்துக்கக்கூடாது, பெரிய கேன்சர் செல்கள் ரொம்ப பலவீனம், மெஷினுக்குள்ள போறதுக்கு முன்னாடியே உடைஞ்சிடும்.

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். சதை எடுக்கிறதுக்கு முன்னாடி ஸ்டீராய்டு கொடுக்க விடாதீங்க. காய்ச்சல், அலர்ஜி, மூச்சு இழுப்புனு எதுக்காவது டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போட்டுட்டா லிம்போமா செல்கள் செத்து கட்டி சுருங்கிடும், பாக்குறவங்களுக்கு குணமான மாதிரி இருக்கும், பயாப்சில செத்த செல்லு மட்டும் வரும், சில வாரத்துல நோய் திரும்பி வரும். மூளை லிம்போமால இது இன்னும் மோசம், ஸ்கேன்ல பளிச்சுனு தெரிஞ்ச கட்டி ஸ்டீராய்டுக்குப் பிறகு காணாமலே போயிடும், பயாப்சில வெறும் அழற்சிதான் தெரியும். மூச்சுக்குழாயை அடைக்குது, உயிருக்கு ஆபத்துனு வந்தா டாக்டர் கொடுத்துதான் ஆகணும், அது வேற. அவசரம் இல்லாதப்போ கொடுக்கக்கூடாதுங்கிறதைத்தான் சொல்றேன்.

சரி, சதை லேபுக்கு வந்தாச்சு. அடுத்து இம்யூனோ, அதாவது ஐஹெச்சி, செல்லுல எந்தெந்த புரோட்டீன் இருக்குனு தனித்தனி ஸ்டெயின் போட்டு பாக்குறது, சிடி20, பிசிஎல்6னு வர்ற பேரெல்லாம் அந்த புரோட்டீன்கள்தான். முதல்ல சிடி20, சிடி3 போட்டு பி செல்லா டி செல்லானு பாப்போம். அப்புறம் சிடி10, பிசிஎல்6, எம்யூஎம்1, இந்த மூணை வச்சு செல் எந்தப் பருவத்துல இருந்து வந்துச்சுனு பிரிக்கிற ஹான்ஸ் முறை 2004ல இருந்து பழக்கத்துல இருக்கு. கூடவே பிசிஎல்2, மிக், கேஐ-67, சைக்ளின் டி1, டிடிடி, எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருக்கானு காட்டுற ஈபர். இதுல சைக்ளின் டி1ஐயும் டிடிடியையும் விட்டுட்டு வர்ற ரிப்போர்ட்டுங்க நிறைய பாத்திருக்கேன், ஹை கிரேடுனு எழுதுற இடத்துல இந்த ரெண்டும் இல்லாம இருக்கக்கூடாதுங்கிறது என் உறுதியான கருத்து. சைக்ளின் டி1 போடலனா பிளாஸ்டாய்டு மேன்டில் செல்லை டிஎல்பிசிஎல்னு எழுதிடுவோம், டிடிடி போடலனா லிம்போபிளாஸ்டிக் தப்பிச்சிடும்.

கேஐ-67 95 சதவீதம்னு போட்டிருக்கு, அப்போ கடைசி ஸ்டேஜானு கேட்டிருந்தீங்க. இல்லவே இல்ல. அது எத்தனை செல் பிரியற நிலையில இருக்குங்கிற கணக்கு, ஸ்டேஜுக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. வேகமா பிரியற செல்லைத்தான் கீமோ நல்லா தாக்கும். பர்கிட்ல கேஐ-67 கிட்டத்தட்ட 100, அந்தக் கட்டி ஒண்ணு ரெண்டு நாள்ல இரட்டிப்பாகக்கூடியது, ஆனாலும் சரியான கீமோவுக்கு ரொம்ப நல்லா கரையற லிம்போமாவுல அதுவும் ஒண்ணு. அதே சமயம் கேஐ-67 கூட இருக்குங்கிறதை மட்டும் வச்சு பர்கிட்னு சொல்லவும் முடியாது, டிஎல்பிசிஎல்லயும் 90 வரும், டபுள் ஹிட்ல 60, 70ன்னும் வரும், அதனால கேஐ-67 குறைவா இருக்கு ஃபிஷ் வேணாம்னு விடறது தப்பு.

பர்கிட்டை எப்படி பிடிக்கிறோம்னா, நடுத்தர அளவு செல், எல்லாம் ஒரே மாதிரி, நடுநடுவுல செத்த செல்லை விழுங்குற மேக்ரோஃபேஜ் வெளிறித் தெரியும், சிடி10 பாசிட்டிவ், பிசிஎல்6 பாசிட்டிவ், பிசிஎல்2 இல்ல அல்லது ரொம்ப லேசா, டிடிடி இல்ல. டெனிஸ் பர்கிட்ங்கிற சர்ஜன் 1958ல உகாண்டாவுல குழந்தைங்க தாடையில வர்ற கட்டியா இதை விவரிச்சார், 1964ல அந்தக் கட்டியோட செல்லுக்குள்ளதான் எப்ஸ்டீன்-பார் வைரஸை, அதாவது ஈபிவியை, முதல்முதலா கண்டுபிடிச்சாங்க. ஆப்பிரிக்காவுல வர்ற வகையில கிட்டத்தட்ட எல்லாத்துலயும் ஈபிவி இருக்கும், மத்த இடங்கள்ல தனியா வர்ற வகையில பெரும்பாலும் இருக்காது, அதனால ஈபர் நெகட்டிவ்னு வந்தா பர்கிட் இல்லனு ஆகாது.

இப்போ நீங்க காத்திருக்கிற ஃபிஷ். பி செல்லோட வேலையே ஆன்டிபாடி செய்யறது, அதனால 14வது குரோமோசோம்ல இருக்கிற இம்யூனோகுளோபுலின் ஜீன் பகுதி அந்த செல்லுல ஓயாம வேலை பண்ணிக்கிட்டே இருக்கும். 8வது குரோமோசோம்ல இருக்கிற மிக் ஜீன் உடைஞ்சு அது பக்கத்துல போய் ஒட்டிக்கிட்டா, எப்பவும் எரியற அடுப்பு மேல வச்ச பால் மாதிரி, செல் பிரியறது நிக்கவே நிக்காது. பர்கிட்ல சுமார் 80 சதவீதம் இந்த 8-14 மாற்றம்தான், மீதி பெரும்பாலும் 2 அல்லது 22வது குரோமோசோமோட. மிக் மட்டும் உடைஞ்சிருந்து மத்த எல்லாம் பொருந்தினா பர்கிட். மிக்கும் உடைஞ்சு, செல் சாகவிடாம தடுக்கிற பிசிஎல்2வும் உடைஞ்சிருந்தா அதுதான் டபுள் ஹிட், ஒண்ணு பிரியச் சொல்லுது இன்னொண்ணு சாகாதேங்குது, ரெண்டும் சேர்ந்தா சாதாரண ஆர்-சாப்புக்கு அடங்கறது கஷ்டம். டிஎல்பிசிஎல் மாதிரி தெரியற பத்து பேர்ல ஒருத்தருக்கோ கொஞ்சம் கூடவோ மிக் உடைஞ்சிருக்கும், அவங்கள்ல ஒரு பகுதிதான் டபுள் ஹிட், ஆனா யாருனு ஸ்லைடைப் பாத்து சொல்ல முடியாது, அதனாலதான் எல்லாருக்கும் மிக் ஃபிஷ் பண்ணு, அது பாசிட்டிவ்னா பிசிஎல்2, பிசிஎல்6 பண்ணுங்கிறது வழக்கமாச்சு.

ரிப்போர்ட்ல டபுள் எக்ஸ்பிரஸர்னு வந்தா அதை டபுள் ஹிட்னு நினைச்சு பதறாதீங்க. டபுள் எக்ஸ்பிரஸர்ங்கிறது ஐஹெச்சில மிக் புரோட்டீன் 40 சதவீதத்துக்கு மேலயும் பிசிஎல்2 50க்கு மேலயும் தெரியறது, ஜீன் உடைஞ்சிருக்கணும்னு இல்ல, அது ஒரு தனி நோயும் இல்ல, டிஎல்பிசிஎல்லுக்குள்ள கொஞ்சம் கவனம் தேவைப்படற குழு. இந்த ரெண்டையும் போட்டு குழப்பி தூக்கம் கெட்டவங்க நிறைய பேரு. பேர் விஷயத்துல இன்னொரு குழப்பமும் இருக்கு, 2022ல ரெண்டு வகைப்பாடு வந்துச்சு, உலக சுகாதார நிறுவனத்தோட 5வது பதிப்புல மிக்கும் பிசிஎல்2வும் உடைஞ்சது மட்டும்தான் டபுள் ஹிட்டுக்கான தனிப் பேர்ல வரும், மிக்கும் பிசிஎல்6ம் உடைஞ்சதை அதுல இருந்து எடுத்துட்டாங்க, ஐசிசிங்கிற இன்னொரு வகைப்பாட்டுல அதை தற்காலிக வகையா வச்சிருக்காங்க. அதனால ரெண்டு ஆஸ்பத்திரி ரெண்டு பேர் எழுதினா யாரோ தப்புனு அர்த்தம் இல்ல, எந்த முறைப்படி எழுதினாங்கனு கேளுங்க.

ஃபிஷ்லயும் ஓட்டை இருக்கு. பிரேக்-அபார்ட்ங்கிற ப்ரோபு ஜீன் உடைஞ்சிருக்கானு காட்டும், ஆனா உடைஞ்ச இடம் ரொம்ப தூரத்துல இருந்தாலோ சின்ன துண்டு மட்டும் நகர்ந்து போய் ஒட்டியிருந்தாலோ அது தப்பிச்சிடும். பாக்க அச்சு அசல் பர்கிட் மாதிரி இருந்து பிரேக்-அபார்ட் நெகட்டிவ்னா, மிக்கும் இம்யூனோகுளோபுலினும் ஒட்டியிருக்கானு நேரடியா காட்டுற ஃபியூஷன் ப்ரோபும் போடணும், அதுவும் இல்லனா 11வது குரோமோசோம்ல மாற்றம் இருக்கிற வகையானு பாக்கணும்.

அடுத்தது சிடி20 இல்லாத வகைகள், எங்களை ரொம்ப ஏமாத்தறது இதுதான். பி செல்னா சிடி20 இருக்கணும்னு மனசுல பதிஞ்சு போயிருக்கு, பிளாஸ்மாபிளாஸ்டிக்ல அது இருக்காது, சிடி45 கூட பல நேரம் இருக்காது, அப்போ பாக்குறவங்க இதை வேற வகை கேன்சரான கார்சினோமாவோ மெலனோமாவோனு நினைச்சு வேற திசையில ஸ்டெயின் போட்டுக்கிட்டே போவாங்க. சிடி138, எம்யூஎம்1 பாசிட்டிவ், ஈபர் பெரும்பாலானவங்களுக்கு பாசிட்டிவ், ஹெச்ஐவி இருக்கிறவங்களுக்கு வாய்க்குள்ள வர்ற கட்டியா 1997ல முதல்ல விவரிச்சாங்க, ஆனா ஹெச்ஐவி இல்லாதவங்களுக்கும் வயசானவங்களுக்கும் வருது. மைலோமாங்கிற பிளாஸ்மா செல் கேன்சரோட கடுமையான வடிவத்துக்கும் இதுக்கும் ஸ்லைடுல வித்தியாசம் கண்டுபிடிக்கிறது சில நேரம் முடியவே முடியாது, எலும்பு ஸ்கேன், ரத்தத்துல எம் புரோட்டீன், கிட்னி, கால்சியம்னு நோயாளியோட முழு கதையும் வேணும். ஏஎல்கே பாசிட்டிவ் லார்ஜ் பி செல்லுனு இன்னும் அபூர்வமானது ஒண்ணு, அதுவும் சிடி20 நெகட்டிவ், ஏஎல்கே ஸ்டெயின் போடணும்னு தோணலனா கண்டுபிடிக்கவே முடியாது. பிரைமரி எஃப்யூஷன் லிம்போமால கட்டியே இருக்காது, நுரையீரலைச் சுத்தியோ வயித்துலயோ நீர் மட்டும் கோத்துக்கும், அந்த நீரை செல் பிளாக் பண்ணி ஹெச்ஹெச்வி-8 வைரஸோட ஸ்டெயின் போட்டாதான் தெரியும், நீரை எடுத்து வெறும் டிபி டெஸ்ட்டுக்கு மட்டும் அனுப்பிட்டா போச்சு. இவங்க எல்லாருக்கும், சிடி20ஐ குறி வைக்கிற ரிட்டுக்சிமாப் மருந்து பிடிச்சு நிக்க சிடி20ங்கிற பிடியே இல்ல, அதனால பேர் தப்பினா மருந்தும் தப்பும்.

இன்ட்ராவாஸ்குலர் லார்ஜ் பி செல் லிம்போமா பத்தி கொஞ்சம் கூடுதலா எழுதறேன், ஏன்னா யாராவது ஒருத்தருக்காவது உதவும். 1959ல முதல்ல விவரிச்ச நோய். இதுல கேன்சர் செல்கள் நெறிக்கட்டிக்கே போகாது, சின்னச் சின்ன ரத்தக்குழாய்க்குள்ளயே தங்கிடும், வெளிய இறங்க தேவையான ஒட்டும் புரோட்டீன்கள் அதுங்ககிட்ட குறைவு. அதனால கட்டி இல்ல, ஸ்கேன்ல பெருசா ஒண்ணும் இல்ல, பெட் ஸ்கேன் கூட சில நேரம் சுத்தமா இருக்கும். ஆனா காரணமே தெரியாத காய்ச்சல், எல்டிஹெச் எங்கயோ போய் நிக்கும், ரத்த அணுக்கள் குறையும், ஆக்சிஜன் குறையும், பக்கவாதம் மாதிரி வந்து வந்து போகும், குழப்பம், நடை தடுமாற்றம். இன்ஃபெக்ஷன், ஆட்டோ இம்யூன், ஸ்ட்ரோக்குனு ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டா சுத்துவாங்க. முன்னெல்லாம் பலருக்கு இறந்த பிறகு உடற்கூறு ஆய்வுலதான் தெரிஞ்சது. இப்போ என்ன பண்றாங்கனா, பாக்க நார்மலா இருக்கிற தோல்லயே தொடை, வயிறு, கைனு சில இடத்துல இருந்து கீழ இருக்கிற கொழுப்போட சேர்த்து ஆழமா எடுத்து பாக்குறாங்க, செவப்பு மச்சம் மாதிரி இருக்கிற செர்ரி ஆஞ்சியோமா இருந்தா அதையும் எடுப்பாங்க, கூடவே மஜ்ஜை பயாப்சி. மேலோட்டமா தோலை மட்டும் சீவி எடுத்தா பிரயோஜனம் இல்ல, கொழுப்புக்குள்ள இருக்கிற குழாய்லதான் அந்த செல் உக்காந்திருக்கும். இந்த நோயை கண்டுபிடிக்கிறது மெஷின் இல்ல, இதுவா இருக்குமோனு ஒரு டாக்டருக்குத் தோணறதுதான்.

மூளையில மட்டும் வர்ற லிம்போமாவுக்கு ஸ்கேன் பாத்து துல்லியமா குறி வைக்கிற ஸ்டீரியோடாக்டிக் ஊசி பயாப்சிதான் முக்கியம், கட்டியை முழுசா அறுத்து எடுக்க வேண்டியதில்ல. தண்டுவட நீர், கண் டாக்டர்கிட்ட ஸ்லிட் லேம்ப் பரிசோதனை, ரெண்டும் கண்டிப்பா வேணும், கண்ணுக்குள்ள இருக்கிற விட்ரியஸ்ங்கிற ஜெல்லுல ஒளிஞ்சிருந்து பல மாசம் சாதாரண அழற்சினு ட்ரீட்மென்ட் ஓடுறது உண்டு. மூளைக்குள்ள ஊசி போட முடியாத இடம்னா, தண்டுவட நீர்ல எம்ஒய்டி88 ஜீன் மாற்றம், ஐஎல்-10ங்கிற புரோட்டீன் அளவு, இதெல்லாம் கை கொடுக்குது.

உங்க அக்கா வயசுக்கு நெஞ்சுக்கு நடுவுல வர்ற பிரைமரி மீடியாஸ்டைனல் வகையையும் டாக்டர் மனசுல வச்சிருப்பார், இளம் வயசு பெண்களுக்குத்தான் அது அதிகம், கழுத்துல தெரியறது அதோட நுனியா இருக்கலாம், அதனால நெஞ்சு ஸ்கேன் எடுத்தாச்சானு பாருங்க. சிடி30, சிடி23 ஸ்டெயின் அங்க உதவும், ஹாட்ஜ்கினுக்கும் இதுக்கும் நடுவுல நிக்கிற கிரே ஸோன் வகையும் இருக்கு, அதை சின்ன துண்டுல பிரிக்கவே முடியாது.

எதிர்ப்பக்க தப்பும் நடக்கும், அதையும் சொல்லணும். இளம் வயசுல ஈபிவி வைரஸ் காய்ச்சல் வந்தா டான்சில்லயும் நெறியிலயும் பெரிய பெரிய செல், நிறைய பிரிஞ்சிக்கிட்டு, அச்சு அசலா லிம்போமா மாதிரியே இருக்கும். கேன்சரே இல்லாதவங்களுக்கு கீமோ போற ஆபத்து அது. உங்க அக்காவோட ரிப்போர்ட்ல ஆன்டிபாடியோட ஒரு பகுதியான லைட் செயின் ஒரே வகைனு, அதாவது கப்பா மட்டும் அல்லது லாம்ப்டா மட்டும்னு இருக்கா பாருங்க, அது இருந்தா எல்லாம் ஒரே குளோன்ல, அதாவது ஒரே செல்லோட வழியில இருந்து வந்ததுங்கிறதுக்கு நல்ல சாட்சி.

செகண்ட் ஒப்பீனியன் கேட்டா டாக்டர் கோவிச்சுக்குவாரோனு தயங்காதீங்க. பிரான்ஸ்ல லிம்போமா ஸ்லைடுகளை நிபுணர்கள் திரும்பப் பாக்குற தேசிய ஏற்பாடு இருக்கு, அவங்க 2017ல வெளியிட்ட கணக்குல கிட்டத்தட்ட ஐந்துல ஒரு கேஸ்ல பேர் மாறியிருக்கு, அதுல பெரும்பாலானது ட்ரீட்மென்ட்டையே மாத்தற அளவு. அபூர்வ வகைகளுக்கு இது இன்னும் பொருந்தும். அதுக்கு நோயாளியை அலைக்கழிக்க வேண்டாம், பாரஃபின் பிளாக்கும் ஸ்லைடும் போனா போதும், ஸ்லைடு மட்டும் அனுப்பினா கூடுதல் ஸ்டெயின் போட முடியாது, அதனால பிளாக்கை கேட்டு வாங்குங்க.

பேருக்குக் காத்திருக்கிற நாள்ல மத்த வேலை எதுவும் நிக்கக்கூடாது. எல்டிஹெச், யூரிக் ஆசிட், பொட்டாசியம், பாஸ்பேட், கால்சியம், கிரியாட்டினின் அடிக்கடி பாக்கணும், வேகமான லிம்போமால கீமோ ஆரம்பிக்காமலே செல்கள் தானா உடைஞ்சு கிட்னியை பாதிக்கலாம். ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி டெஸ்ட் கண்டிப்பா, ஹெபடைடிஸ் பிக்கு மேற்பரப்பு ஆன்டிஜென் மட்டும் போதாது, கோர் ஆன்டிபாடியும் வேணும், ரிட்டுக்சிமாப் கொடுத்தா உள்ள தூங்கிக்கிட்டு இருக்கிற வைரஸ் எழுந்திடும். எக்கோ எடுத்து இதயத்தைப் பாக்கணும். பெட் ஸ்கேனை சதை எடுக்கிறதுக்கு முன்னாடியே முடிக்க முடிஞ்சா நல்லது, ஆனா அதுக்காக ஆபரேஷனை தள்ளிப்போட வேண்டாம். டிஎல்பிசிஎல்னு முடிவானா பெட்டே மஜ்ஜையைப் பத்தி சொல்லிடும், பல நேரம் தனியா மஜ்ஜை பயாப்சி தேவைப்படாது, பர்கிட்னு சந்தேகம் வந்தா மஜ்ஜையும் தண்டுவட நீரும் பாத்தே ஆகணும். அக்காவுக்கு பிறகு குழந்தை வேணும்னு எண்ணம் இருந்தா கருமுட்டை சேமிப்பு பத்தி இப்பவே கேளுங்க, கீமோ ஆரம்பிச்ச பிறகு கேட்டா லேட்டு, நேரம் இருக்கா இல்லையானு டாக்டர் சொல்லட்டும்.

சதை கையில கிடைச்சதும் ஃபிஷ் வர்ற வரைக்கும் சும்மா உக்காரணும்னு கட்டாயம் இல்ல. நோய் ஓடுற வேகத்தைப் பாத்து பல டாக்டர்கள் சில நாள் ஸ்டீராய்டோ, முதல் சுற்று ஆர்-சாப்போ ஆரம்பிச்சிட்டு, டபுள் ஹிட்னு வந்தா ரெண்டாவது சுத்துல இருந்து மாத்திடுவாங்க. நாளைக்கு டாக்டரைப் பாக்கும்போது இதைக் கேளுங்க, கட்டி எடுக்கிற தேதி என்ன, ஃப்ளோவுக்கு ஃப்ரெஷ் சதை தனியா போகுதா, மிக் ஃபிஷ் எந்த லேபுக்கு எத்தனை நாள்ல, அதுக்குள்ள நிலைமை மோசமானா திட்டம் என்ன. தேதி சொல்லாம பாக்கலாம் பாக்கலாம்னு பதில் வந்தா அன்னிக்கே வேற இடம் பாருங்க.

அதுக்கு நடுவுல முகமோ கழுத்தோ வீங்கினா, படுத்தா மூச்சு முட்டினா, சிறுநீர் குறைஞ்சா, பேச்சு குழறினா அல்லது ஆளை அடையாளம் தெரியாம குழம்பினா, கால்ல பலம் போனா, அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காம ராத்திரியானாலும் எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போங்க, லிம்போமானு வந்திருக்கு, வகை சொல்ற பயாப்சி இன்னும் முடியலங்கிறதை உள்ள போனதும் முதல் வார்த்தையா சொல்லுங்க, கோர் பயாப்சி ரிப்போர்ட் காப்பியை எப்பவும் கூடவே வச்சிருங்க.